வாரியத்தின் மேல் நிற்காதீர்கள்

நீர் வாரியத்தின் தலைமையகத்தில் தண்ணீரைத் தவிர எல்லாம் கிடைக்கும் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயமான பேச்சு. தண்ணீரும் அங்கே இருந்தது. வாசலைத் தாண்டியதும் கூடத்தின் தரையிலேயே இருந்தது.

ஓர் ஆள் நீளத்துக்கு நீலநிறத் துளி. துளிக்குள் ஒரு குழாய், குழாயைத் தாங்கிய இரண்டு கைகள், கீழே வளைவாக "துளிதோறும் தொண்டு" என்ற வாசகம். எல்லாம் வெளிச்சம்தான். கூரையில் பால் டின் அளவுக்கு ஒரு கறுப்பு டப்பாவைப் பொருத்தியிருந்தார்கள். அதற்குள் ஒரு எல்.இ.டி. விளக்கு, விளக்குக்கு முன்னால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கண்ணாடித் தகடு, அதற்கும் முன்னால் ஒரு லென்ஸ். தகட்டில் என்ன படம் இருக்கிறதோ அது தரையில் விழும். மீன் படம் போட்டால் மீன் விழும், தள்ளுபடி என்று போட்டால் தள்ளுபடி விழும். வாரியம் தன் சின்னத்தைப் போட்டுக்கொண்டது.

முதல் நாள் யாரோ ஒரு பெரியவர் உள்ளே வந்தார். தரையில் தண்ணீர் என்று நினைத்து, கால்சட்டையை முட்டிவரை சுருட்டிக்கொண்டு ஒரே தாவு தாவினார். மின்தூக்கியிலிருந்து வெளியே வந்த வாரியத் தலைவர் இதைப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "பாருங்க, நம்ம சின்னத்தை மிதிக்க மனசு வராம தாண்டறாரு" என்றார். அன்று மாலையே ஆணை வந்தது. சின்னத்தை யாரும் மிதிக்கக் கூடாது. தாவிய பெரியவருக்குக் கணுக்கால் பிசகியது பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிற லாண்டரியால். அதை நடத்துகிறவளை எல்லோரும் லாண்டரி அக்கா என்போம். என்னைவிடச் சின்னவள்தான். ஆனால் அழுக்குச் சட்டையின் காலரைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

வாரியம் எங்கள் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் பதித்தது. பழைய இணைப்புகளை ஒவ்வொன்றாகப் புதுக் குழாயோடு சேர்த்தது. லாண்டரியின் இணைப்பை மட்டும் மறந்துவிட்டு, மேலே தார் ஊற்றி மெழுகிவிட்டுப் போனது. மாடியில் எங்களுக்கு வேறு குழாய். அதில் வருகிற தண்ணீரில் நாலு தலையணை உறை அலசலாம். அக்காவிடம் கிடந்ததோ பக்கத்து மருத்துவமனையின் படுக்கை விரிப்புகள், மலை மாதிரி. அந்த மருத்துவமனைத் துணிதான் கடையை நிறுத்தி வைத்திருந்தது. தலைமைச் செவிலி வந்து, "வெள்ளிக்கிழமைக்குள்ள விரிப்பு வரலைன்னா வேற கடையைப் பாத்துக்கறோம்மா, எங்களுக்கும் வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அது போனால் கடையும் போகும்.

என்னுடைய இரண்டு நல்ல சட்டைகளும் அங்கே சோப்பு நுரையில் ஊறிக்கொண்டிருந்தன. "அக்காகூடத் துணைக்குப் போயிட்டு வாங்க, வரிசையில நிக்கறதுதான் உங்களுக்கு நல்லா வருமே" என்று என் மனைவி பனியனோடு அனுப்பி வைக்கப் பார்த்தாள். மச்சினனின் சட்டையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

கூடத்துக்குள் அக்கா நாலு எட்டு வைத்திருப்பாள். காவலாளி ஓடி வந்தார்.

"அம்மா, வாரியத்து மேல நிக்கறீங்க."

"எந்த வாரியம்?"

"கால்கிட்டப் பாருங்க."

அக்கா ஒரு காலைத் தூக்கிப் பார்த்தாள். துளி அவளுடைய செருப்பின் மேலேயே ஏறிக்கொண்டது. "லைட்டுதானேண்ணே" என்றாள்.

"லைட்டு மேல இருக்கும்மா. கீழ இருக்கறது சின்னம்."

அவள் பதறி நகர்ந்தாள். நகர்ந்தது நடுப்பக்கம். இப்போது குழாய் அவள் நெற்றியில் விழுந்தது, இரண்டு கைகளும் கன்னங்களில் விழுந்தன. காவலாளி தலையில் அடித்துக்கொண்டார். "இப்ப வாரியம் உங்க மேல இருக்கு. இது அதைவிட மோசம்."

அந்தப் பக்கம் போக வழி கேட்டோம். சுற்றிப் போகச் சொன்னார். சுவருக்கும் துளிக்கும் நடுவே ஒரு பாதம் வைக்கிற இடம் இருந்தது. முதுகைச் சுவரில் ஒட்டி, நண்டு நகர்வது போலப் பக்கவாட்டில் நகர வேண்டும். அக்கா போய்விட்டாள். எனக்குத்தான் கஷ்டம். மூச்சை எவ்வளவு இழுத்தும் என் தொந்தியில் "தொண்டு" விழுந்துவிட்டது. வாசலுக்குத் திரும்பி மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டாம் முறை "துளி" விழுந்தது. மூன்றாம் முறை காவலாளியே இரக்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மனு வாங்குகிற எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"சின்னத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தோம் சார்."

"நேராப் பாத்தீங்களா, தலைகீழாப் பாத்தீங்களா?"

விஷயம் இதுதான். தரையில் விழுகிற படத்துக்கு ஒரு பக்கம்தான் நேர். தலைவர் மின்தூக்கியிலிருந்து வருகிறவர் என்பதால், அவருக்கு நேராகத் தெரியும்படி டப்பாவைத் திருப்பிவிட்டார்கள். வாசல் வழியாக வருகிற பொதுமக்களுக்குத் துளி தலைகீழாக, இலை கிள்ளிய முள்ளங்கியைப் போலத் தெரிந்தது. ஆகவே மனுக் கொடுப்பதற்கு முன்னால் மின்தூக்கிப் பக்கம் போய் நின்று, சின்னத்தை நேராகப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. அதற்கும் ஒரு வரிசை இருந்தது. நாங்கள் நேராகப் பார்த்துவிட்டு வருவதற்குள் எழுத்தர் சாப்பிடப் போய்விட்டார்.

அதற்குள் அக்கா "லைட்டுதானே" என்று சொன்ன செய்தி மாடிக்கு ஏறிவிட்டது. எங்களைச் சின்னத்தின் மாண்பைக் காக்கிற மாண்புப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். வாரியத்தில் குழாய்ப் பிரிவு ஒரு மூலையில் ஒரு மேசையாகச் சுருங்கிக் கிடந்தது. மாண்புப் பிரிவுக்கு ஒரு தளம் முழுவதும் இருந்தது. அதன் அலுவலர் வழுக்கைத் தலையும் கனிந்த முகமுமாக இருந்தார். இப்படிப்பட்டவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

"உக்காருங்க. உங்களை மாதிரி பொதுமக்கள் இங்க வர்றது எங்களுக்குப் பெரிய சந்தோஷம். வராம இருந்தா இன்னும் சந்தோஷம், கூடம் சுத்தமா இருக்கும்."

அக்கா தன் கதையைச் சொன்னாள். "ரெண்டு முழம் பைப்பு போட்டு சேத்துவிட்டா போதும் சார். வெள்ளிக்கிழமைக்குள்ள செஞ்சு குடுத்தா கடை பிழைச்சுக்கும்."

அவர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசினார். "அம்மா, தண்ணி இன்னைக்கு வரும், நாளைக்கு நின்னுடும். அதை நம்பி ஒரு வாரியம் நடத்த முடியாது. சின்னம் அப்படி இல்ல. கரண்டு இருக்கற வரைக்கும் இருக்கும். இந்த வருஷம் நாங்க எத்தனை பைப்பு போட்டோம்னு கேளுங்க."

அக்கா கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது. ஆனா சின்னத்துல இருக்கற பைப்பை மூணு தடவை மாத்தி வரைஞ்சிருக்கோம். ஒரு தடவைகூட ஒழுகினது இல்ல."

சுவரில் தலைவரின் படம் இருந்தது. அலுவலர் அதைப் பார்த்துக் குழைந்தார். "தலைவருக்கு இந்த டப்பா மேல உயிர். கூரையில மாட்டறதுக்கு முந்தி, சின்னதுதானேன்னு எங்க போனாலும் கார்ல எடுத்துட்டுப் போயிடுவாரு. ஒரு தடவை மச்சினர் வீட்டுக்குப் போனவரு, அங்க சுவத்துல சின்னத்தைப் போட்டுக்கிட்டு நாலஞ்சு கோப்புல கையெழுத்தும் போட்டுட்டாரு. தலைமையகத்துக்கு வெளியே போட்ட கையெழுத்து செல்லுமான்னு தணிக்கைக்காரங்க நோண்டினாங்க. விடுவோமா? உடனே ஆணை போட்டோம். சின்னம் எங்க விழுதோ அதுதான் தலைமையகம்."

"விழலைன்னா?" என்றாள் அக்கா.

"விழாத இடம் தலைமையகம் இல்ல. இதுல என்னம்மா சந்தேகம்?"

"சந்தேகம் இல்ல சார். தெரிஞ்சுக்கலாம்னுதான்."

அப்போது நான் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது கதவை. கள ஆய்வாளர் வியாழக்கிழமை நேரில் வந்து, தண்ணீர் வரவில்லை என்பது உண்மைதானா என்று பார்த்து அறிக்கை கொடுப்பார், அதற்குப் பிறகு ஆகவேண்டியது ஆகும் என்று சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஆகுமா என்று அக்கா கேட்டாள். எந்த வெள்ளிக்கிழமை என்று திருப்பிக் கேட்டார் அலுவலர்.

இதற்கிடையில் சின்னத்துக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதை மிதிக்கக் கூடாது என்பதால் கூடத்தைப் பெருக்குகிற அம்மா துளியைச் சுற்றிச் சுற்றியே பெருக்கிக்கொண்டிருந்தார். ஏணியின் காலும் துளிமேல்தான் நிற்கும் என்பதால் மேலே ஏறி டப்பாவைத் துடைக்கவும் யாருக்கும் அனுமதி இல்லை. தரையின் தூசி கிளம்பி டப்பாவின் குட்டி விசிறியை அடைத்தது, லென்ஸில் படிந்தது. துளியின் விளிம்பு கரைந்தது. முள்ளங்கி வீங்கி முட்டைக்கோஸ் ஆனது. சின்னம் தெளிவாகவே இருக்கிறது, தெளிவாகத் தெரியாதவர்கள் கண் மருத்துவரைப் பார்க்கவும் என்று மாண்புப் பிரிவு ஓர் அறிவிப்பு ஒட்டியது. பாதி ஊழியர்கள் கண்ணாடி மாற்றினார்கள். புதன்கிழமை தலைவரே மின்தூக்கியிலிருந்து இறங்கி, எங்கே துளி என்று தெரியாமல் அதன்மேல் ஏறி நின்று, "சின்னம் எங்கய்யா?" என்று கேட்டார். அவர் காலைப் பார்த்துச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகுதான் விளக்குக்காரனைக் கூப்பிட்டார்கள். விளக்குக்காரன் என்றால் அக்காவின் சொந்தத் தம்பி. மண்டபங்களுக்கும் கடைகளுக்கும் அலங்கார விளக்கு போடுகிறவன். வாரியத்துக்கு அந்த டப்பாவைப் பொருத்தியதும் அவன்தான். வியாழக்கிழமை காலையில் போய், விசையை அணைத்தால் துளி இருக்காது, அப்புறம் ஏணி வைக்கலாம் என்றான். சின்னத்தை அணைக்கலாமா என்று நெடுநேரம் கூடிப் பேசினார்கள். கடைசியில், அணைக்கிறபோது எல்லோரும் எழுந்து நிற்பது என்று முடிவானது. நின்றார்கள். மாண்பு அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மேலேர்ந்து தூசி கொட்டுச்சு, வேற ஒண்ணும் இல்ல" என்று தம்பி பிற்பாடு எங்களிடம் சொன்னான்.

அவன் டப்பாவை அக்காவின் கடைக்குக் கொண்டுவந்தான். அவன் கடைச் சுவரெல்லாம் ஒயரும் சரவிளக்கும் தொங்குகின்றன, படம் போட்டுப் பார்க்க இடமில்லை. அக்காவிடம் குறுக்குக்கொடியில் சலவை செய்த வெள்ளை விரிப்பு ஒன்று மறைப்பாக எப்போதும் தொங்கும்.

அக்கா இயந்திரங்களுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். தம்பியையும் அவன் பின்னாலேயே நுழைந்த என்னையும் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது. கறை எதுவானாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வைக்கிறவள் இப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. சட்டையைப் பற்றிக் கேட்க வந்தவன் கேட்காமல் நின்றேன்.

தம்பி கடையின் சுருள் கதவைப் பாதி இறக்கி இருட்டாக்கினான். மெல்லிய தூரிகையால் விசிறியைத் தட்டினான், லென்ஸைத் துடைத்தான். சோதித்துப் பார்க்கத் தன் பெட்டியிலிருந்து ஒரு தகட்டைப் போட்டான். விரிப்பில் மீன்கள் விழுந்தன. தண்ணீர் இல்லாத கடையில் மீன் மட்டும் இருந்தது. அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து வாரியத்தின் தகட்டைப் போட்டு லென்ஸைத் திருகினான். துளி பளிச்சென்று, நேராக, ஒரு பிசிறில்லாமல் வந்து நின்றது. அதன் நுனி வழிந்து தரையிலும் கொஞ்சம் விழுந்தது.

"சரியாயிடுச்சு. அணைச்சிடறேன்க்கா" என்றான் தம்பி.

"இருடா. எரியட்டும்."

"எதுக்கு?"

"அழகா இருக்கு. அதுவுமில்லாம இன்னைக்கு ஆய்வாளர் வர்றாருடா."

தம்பி என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

ஆய்வாளர் வந்தார். விதி என்றால் விதி, அதற்கு அந்தப் பக்கமும் இல்லை இந்தப் பக்கமும் இல்லை என்று இருக்கிற நேர்மையான மனிதர். இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் வாரியங்கள் ஆணை போடுகின்றன. குனிந்து உள்ளே வந்தவர் நிமிர்ந்ததும் அப்படியே நின்றுவிட்டார். வெளியே திரும்பித் தெருவைப் பார்த்தார். மறுபடி விரிப்பைப் பார்த்தார்.

"இது எப்ப இங்க மாத்தினாங்க?"

"இப்பதான் சார் வந்துச்சு" என்றாள் அக்கா. அதில் பொய் எதுவும் இல்லை. "பாத்து வாங்க, தரையிலயும் கொஞ்சம் விழுது. சுத்தி வந்துடுங்க."

அவர் முதுகைச் சலவை இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு நண்டு நடை நடந்தார். வந்த வேலை நினைவுக்கு வரவே குழாயைத் திறந்தார். குழாய் இருமியது, காற்றுத்தான் வந்தது. அவர் முகம் வெளிறிப்போனது.

"தலைமையகத்துல தண்ணி இல்லையா?"

"ரொம்ப நாளா இல்ல சார்."

அவர் கைப்பேசியை எடுத்தார். "அவசரம். தலைமையகத்துல சொட்டுத் தண்ணி இல்ல. ஆமாங்க, தலைமையகம்தான். சின்னத்துக்கு முன்னாடிதான் நின்னுக்கிட்டுப் பேசறேன்."

வாரியத்தில் அவசர வண்டி என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். தலையில் சிவப்பு விளக்கு சுழல வந்தது. ஆட்கள் குதித்து இறங்கினார்கள். தாரைப் பெயர்த்தார்கள், ரெண்டு முழக் குழாயைச் சேர்த்தார்கள், பள்ளத்தை மூடினார்கள். ஓர் ஆள் சின்னத்துக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான். தண்ணீர் வந்தது. முதலில் சேறாக, பிறகு தெளிவாக, பிறகு அக்காவே தாங்க முடியாத வேகத்தில் வந்தது. அவள் இரண்டு கையிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொண்டாள். எல்லா இயந்திரங்களும் ஒரே நேரத்தில் உறுமின. எனக்கும் ஒரே சந்தோஷம். சட்டைகளும் கிடைத்துவிடும் அல்லவா?

இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆய்வாளர் நேர்மையான மனிதர் என்று சொன்னேனே. திரும்பிப் போகிற வழியில் அவர் வாரியத்தின் பழைய கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்தார். கூடம் வெறுமையாக இருந்தது. இது தலைமையகம் இல்லை என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தலைமையகம் இல்லாத ஒரு கட்டடத்துக்குள் தொடை பருமனில் ஒரு குழாய் போவதையும் பார்த்தார். யார் பேரில் இந்த இணைப்பு என்று காவலாளியைக் கேட்டார்.

"என்ன சார், நம்ம ஆபீஸ்தானே இது."

"சின்னம் எங்க?"

காவலாளி பழக்கத்தில் தரையைக் காட்டினார். தரையில் ஒன்றுமில்லை. அனுமதியில்லாத இணைப்பு என்று எழுதி, அதே அவசர வண்டியைக் கூப்பிட்டு, அதே ஆட்களைக் கொண்டு குழாயை அடைத்துவிட்டு ஆய்வாளர் மனநிறைவோடு வீட்டுக்குப் போனார்.

தம்பி மாலையிலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை. திருட்டு இணைப்பு வைத்திருந்த கட்டடத்தில் சின்னத்தைப் பொருத்துவது மாண்புக்கு இழுக்கு, முதலில் இணைப்பை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றார்கள். ஒழுங்குபடுத்துவதற்கான மனுவைத் தலைமையகத்தில்தான் கொடுக்க வேண்டும். தலைமையகம் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, எங்கள் தெருவின் பேரை எழுதிக்கொண்டார்கள். தம்பி டப்பாவை அக்காவின் கடை வாசலில் தரையைப் பார்த்து மாட்டிவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் விரிப்புகள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தன. தலைமைச் செவிலி ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த மூட்டையையும் அனுப்பி வைத்தார். நான் கஞ்சி போட்ட என் சட்டையில், முழங்கையை மடக்க முடியாமல், கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். எழுத்தர் இரண்டு பாட்டிலோடு வந்தார். பெருக்குகிற அம்மா குடத்தோடு வந்தார். காவலாளி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார், அதில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ. அவர்களுக்கெல்லாம் முன்னால் கழிப்பறை வாளியைத் தூக்கிக்கொண்டு மாண்பு அலுவலர் நேரே படியேறி வந்தார்.

"சார்" என்றாள் அக்கா, துணி மடிப்பதை நிறுத்தாமல். "வாரியத்து மேல நிக்கறீங்க."

அவர் துள்ளி நகர்ந்தார். நகர்ந்தது நடுப்பக்கம். குழாய் அவருடைய வழுக்கையில் அழகாக விழுந்தது.

"இப்ப அது உங்க மேல இருக்கு."

அவர் வாளியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, சுவரில் முதுகை ஒட்டி, பக்கவாட்டில் நகர்ந்து உள்ளே வந்து சேர்ந்தார். வியர்த்திருந்தது. "அம்மா, காலையிலேர்ந்து மூணு தளத்துலயும் சொட்டுத் தண்ணி இல்ல" என்றார். குரலில் பழைய கனிவு இல்லை. உண்மையான அவசரம் இருந்தது.

"சின்னத்தை நேராப் பாத்தீங்களா, தலைகீழாப் பாத்தீங்களா?"

அவர் வாசலைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். "தலைகீழாத்தான்" என்றார் மெதுவாக.

அக்கா அவர் கையிலிருந்த வாளியை வாங்கினாள். குழாயடியில் வைத்து, விளிம்பு தளும்பும்வரை நிரப்பி, அவர் முன்னால் வைத்தாள்.

"பரவால்ல சார், தண்ணி எடுத்துட்டுப் போங்க. அதை இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அவர் வாளியைத் தூக்கினார். நிறைந்த வாளியோடு சுவரை ஒட்டி நண்டு நடை நடக்க முடியாது. வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். பிறகு சின்னத்தின் நடுவிலேயே காலை வைத்து, தண்ணீர் இரண்டு பக்கமும் சிந்த, நடந்து போனார்.